அரை மணி நேரமும் ஒரு பிக் கிளாசும்: மண்டிக் கடிதங்களில் தபால்தலை பார்த்த அனுபவம்

எனக்குக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். ஞாயிறு காலையில் அது கொஞ்சம் நீளும். ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவில் வேலை என்பதால் மாதக் கடைசியில் அந்த அரை மணியும் போய்விடும். போதாததற்கு வெள்ளெழுத்தும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன தபால்தலைச் சேகரிப்பை இந்த நிலையில் மறுபடி தொடங்கினால் என்னென்ன நடக்கும், எதற்கெல்லாம் ஆசைப்படக் கூடாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன்.

கைக்கு வந்த சரக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சித்தப்பா மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். மண்டியை மூடியபோது பேரேடுகள் எடைக்குப் போயின. வந்த கடிதங்கள் மட்டும் எப்படியோ தப்பி, குத்திவைத்த கம்பிகளோடு தகரப் பெட்டிகளில் பரண்மேல் கிடந்தன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவை கீழே இறங்கின. "வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையென்றால் தீபாவளிக்கு வெந்நீர் போட ஆகும்" என்றார் சித்தப்பா. எடுத்துக்கொண்டேன்.

1949-லிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரையிலான கடிதங்கள் அவை. விருதுநகர், சாத்தூர், பரமக்குடி, முதுகுளத்தூர், போடி, கம்பம், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. தலையில் பிள்ளையார் சுழி, அடுத்து 'உபயகுசலோபரி' என்ற நலம் விசாரிப்பு, அதற்கடுத்த வரியிலேயே மூட்டைக் கணக்கு. பெரும்பாலும் கார்டுகள், கொஞ்சம் இன்லேண்ட் லெட்டர்கள், மீதி கவர்கள்.

கவர்களில் பலவற்றுக்கு வலது மேல் மூலை இல்லை. வீட்டுப் பிள்ளைகள் யாரோ அந்தக் காலத்திலேயே அழகான தபால்தலைகளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தலைவர்கள் படம், பறவை, ஆகாய விமானம் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது யாருக்கும் பிடிக்காத சாதாரணத் தபால்தலைகள்: இந்திய வரைபடம், சாஞ்சி ஸ்தூபி, பிதரி ஜாடி, ரயில் எஞ்சின். வருடக்கணக்காக ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, தினசரித் தபாலுக்கென்று விற்றவை. பார்க்கச் சலிப்பூட்டும் இந்தக் கூட்டம்தான், நேரமும் பணமும் குறைவாக உள்ளவனுக்கு ஏற்றது என்பது என் முடிவு. ஒரு படத்தில் நூறு பிரதிகள் கையில் இருந்தால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். பூதக்கண்ணாடிக்கும் அப்போதுதான் வேலை கிடைக்கும்.

பழைய ஆல்பத்தையும் எடுத்துப் பார்க்காமல் இல்லை. எழுபது, எண்பதுகளில் தபால்தலை சேர்த்தவர்களுக்கு அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற பெயர்கள் நினைவிருக்கும். அந்தச் சின்னச் சின்ன வளைகுடா ஷேக் நாடுகளின் பெயரில் பூ, குதிரை, ராக்கெட் என்று வண்ண வண்ணமாகப் பாக்கெட்டில் விற்றார்கள். தபாலில் ஒரு நாளும் பயணம் போகாத தபால்தலைகள் அவை. மூலையில் அளவெடுத்து வைத்ததுபோல் கால்வட்ட முத்திரை இருக்கும், திருப்பினால் பசை அப்படியே இருக்கும். விற்பதற்கென்றே முத்திரையடித்த சரக்கு என்பதற்கு இந்த இரண்டு அடையாளங்கள் போதும். ஆல்பத்தை மூடி என் மகளிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் குதிரைகள் பிடித்திருக்கின்றன.

கண்ணாடிகள்

கடைகளில் தொங்கும் பூதக்கண்ணாடிகளின் அட்டையில் பத்து மடங்கு, முப்பது மடங்கு என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். வீட்டிலேயே சோதிக்கலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கண்ணாடியைத் தாளுக்கு முன்னால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வெளியே உள்ள மரமும் வானமும் தலைகீழாகத் தெளிவாக விழும். அப்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 250-ஐ அதனால் வகுத்தால் வருவதுதான் உண்மையான உருப்பெருக்கம். 'பத்து மடங்கு' என்று எழுதியிருந்த என் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடிக்குத் தூரம் 100 மில்லிமீட்டர் வந்தது. ஆக, இரண்டரை மடங்கு. அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கடிதம் படிக்கவும் ஊர்வாரியாகப் பிரிக்கவும் அதுதான் வசதி. அகலமாகத் தெரியும், கை வலிக்காது.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு உண்மையும் இருக்கிறது. மடங்கு கூடக் கூடக் கண்ணாடி பொருளை நெருங்கியாக வேண்டும். உண்மையான பத்து மடங்குக் கண்ணாடி தபால்தலையிலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும். அந்த இடுக்கில் வெளிச்சம் நுழையாது. அதனால் அதைப் பிடிக்கும் முறையே வேறு: கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தபால்தலையை இடுக்கியால் தூக்கிக் கண்ணாடிக்குக் கொண்டுவர வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் கல் பார்ப்பவர்களைக் கவனித்தால் தெரியும், அவர்கள் குனிவதே இல்லை.

என் வேலையில் முக்கால்வாசியைச் செய்து முடித்தது மில்லில் பிக் கிளாஸ் (pick glass) என்று சொல்லும் மடக்குக் கண்ணாடி. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கானது. சிவகாசி அச்சகங்களிலும் புள்ளி பார்க்க இதையே வைத்திருப்பார்கள். விரித்து வைத்தால் மூன்று தகடுகளாக நிற்கும். மேல் தகட்டில் கண்ணாடி, கீழ்த் தகட்டில் ஓர் அங்குலச் சதுர ஓட்டை, ஓட்டையின் விளிம்பில் அளவுக் கோடுகள். கண்ணாடியின் உயரம் சரியான தூரத்திலேயே நிலைத்திருப்பதால் கை நடுக்கம் ஒரு பொருட்டல்ல. என்னுடையது சோதனையில் எட்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மேல் தகட்டின்மேல் செல்போனின் கேமராக் கண்ணை நேராக வைத்து அழுத்தினால் படமும் எடுக்கலாம். பிறகு அந்தப் படத்தைத் திரையில் விரல்களால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் வெள்ளெழுத்துக்காரனுக்கு இது பெரிய வரம்.

தபால்தலையின் ஓரப் பற்களை எண்ணவும் அதுவே உதவியது. சேகரிப்பாளர்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்று கணக்கிடுவார்கள். அதற்கென்று தனி அளவுகோல் விற்கிறது. பிக் கிளாசின் ஓட்டை ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்டிமீட்டர். அங்குலத்தில் எண்ணிய பற்களை 0.787-ஆல் பெருக்கினால் போதும். அங்குலத்துக்கு 18 பல் என்றால் 14-க்குச் சற்று மேல். தபால்தலையின் பக்கம் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் விளிம்புக் கோட்டைப் பார்த்து இரண்டு சென்டிமீட்டருக்கே நேராக எண்ணிவிடலாம். வாங்காமல் தப்பிய கருவிகளில் இது முதலாவது.

அறுபது மடங்கு என்று விளக்கு வைத்த குட்டி மைக்ராஸ்கோப் ஒன்றையும் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் அரை மணி முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அது உதவும்: அச்சு முறையைத் தெரிந்துகொள்ள. அதற்கும் எட்டு மடங்கு பெரும்பாலும் போதும். ஃபோட்டோகிராவ்யூர் அச்சில் எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும், ஏனென்றால் எழுத்தும் படமும் எல்லாமே பொடிப்பொடிக் குழிகளில் நின்ற மை. ஆஃப்செட்டில் எழுத்து ஓரம் வழவழவென்று இருக்கும், படத்தின் நிறம் வட்டவட்டப் புள்ளிகளாகப் பிரியும். பழைய எழுத்தச்சு முறையில் மை ஓரத்துக்குப் பிதுங்கி ஒரு கரைகட்டியிருக்கும். பின்பக்கம் சாய்வு வெளிச்சத்தில் மேடு தெரியும். கல்யாணப் பத்திரிகை, மருந்து அட்டை, பழைய பஸ் டிக்கெட் என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்துப் பழகினேன். அதன்பிறகு தபால்தலையில் அது தானாகவே தெரிந்தது.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்மேலே எரியும் டியூப் லைட் எதையும் காட்டாது. மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் தாளின்மேல் படுத்தவாக்கில் ஓடும்படி வைக்க வேண்டும். கிழிசல், மடிப்பு, மெலிந்த இடம், ஒட்டுப்போட்டது எல்லாம் அப்போது வெளியே வரும்.

தண்ணீரும் மின்விசிறியும்

எல்லாவற்றையும் ஊறவைத்துப் பிரிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கவர் முழுதாக இருந்து, முன்னால் அனுப்பிய ஊரின் முத்திரையும் பின்னால் மதுரை டெலிவரி முத்திரையும் படிக்க முடிந்தால், அதைத் தொடுவதில்லை. கார்டும் இன்லேண்டும் எப்படியும் முழுதாகவே இருக்க வேண்டியவை. அவற்றில் தபால்தலை தாளோடேயே அச்சடிக்கப்பட்டது. கம்பி குத்திய ஓட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. விலைக்கு விற்பவர்களுக்கு அது குறை. எனக்கு அது மண்டியின் கையெழுத்து.

ஊறவைப்பது கிழிந்த கவர்களையும், அண்ணன் பழைய நோட்டில் மைதாப் பசையால் ஒட்டிவைத்திருந்தவற்றையும் மட்டும். மைதாப் பசையை ராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும். பசைக்குப் பின்னாலேயே தாளையும் தின்றுவிடும். நோட்டில் பாதித் தபால்தலைகளுக்கு முதுகு இல்லை. மீதியைக் காப்பாற்றத் தண்ணீரைத் தவிர வேறு வழியும் இல்லை.

பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். தபால்தலையைச் சுற்றிக் கவர் தாளை விரற்கடை அகலம் விட்டு வெட்டி, ஓர் அகலத் தட்டில் முகம் மேலே பார்க்க மிதக்கவிட்டு, கால் மணி நேரம் பொறுத்தால் தாள் தானாக வழுக்கிக்கொண்டு விலகும். விலகாததை உரிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும். ஒரு தட்டில் கொள்ளுவதுதான் ஒரு நாள் வேலை.

மண்டிக் கடிதங்களுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு: காப்பியிங் பென்சில். அந்தக் காலக் கணக்கர்கள் அதில்தான் எழுதினார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் கோடாகத் தெரியும், ஈரம் பட்டதும் ஊதாவாகக் கரைந்து ஓடும். தபால்தலையின்மேல் பென்சில் கணக்கு ஓடியிருந்தாலோ, பக்கத்தில் நீல மை எழுத்து இருந்தாலோ, தண்ணீருக்கு அனுப்புவதில்லை. ஈரத் துணியின் ஓரத்தை எழுத்தில் ஒற்றிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். சிவப்பு, ஊதாக் கவர்த் தாள்களும் அப்படித்தான். சாயம் கக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

காயவைக்கப் பழைய டெலிபோன் டைரக்டரி கிடைத்தால் விடாதீர்கள். ஈரத்தை நன்றாக இழுக்கும். அச்சு மை ஒட்டாமலிருக்க ஒரு வெள்ளைத் தாளை இடையில் வைத்து, தபால்தலையை முகம் கீழாகப் போட்டு, மேலே அம்மிக் குழவியையோ அகராதியையோ ஏற்றிவிட்டுத் தூங்கப் போகலாம்.

மதுரையில் இந்த வேலைக்கு உண்மையான எதிரி மின்விசிறி. சித்திரையில் விசிறி இல்லாமல் உட்கார்ந்தால் வியர்வை சொட்டித் தபால்தலையில் விழும். விசிறியைப் போட்டால் தபால்தலை சமையலறைக்குப் போய்விடும். ஒரு சட்டைப் பெட்டியின் மூடியைத் தலைகீழாக வைத்து அதற்குள்ளேயே வேலை செய்கிறேன். விளிம்பு காற்றைத் தடுக்கிறது, இடுக்கி கைதவறினாலும் பொருள் பெட்டிக்குள்ளேயே விழுகிறது. கோடையில் விடியற்காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்வது இதைவிட நல்லது. அதற்கு எழுந்திருக்க வேண்டும்.

கடப்பாக் கல்லின்மேல் வரைபடம்

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா அணா, பைசாவை விட்டுத் தசம நாணயத்துக்கு மாறியது. ரூபாய்க்கு நூறு நயா பைசா. அன்றே வெளிவந்தது இந்திய வரைபடம் போட்ட தபால்தலை வரிசை. மண்டிப் பெட்டியில் அதிகம் இருப்பது இதுதான். வரிசையில் 6, 13 என்று வினோதமான விலைகள் இருப்பதைப் பார்த்து முதலில் குழம்பினேன். பழைய கணக்கைப் போட்டால் புரிகிறது: ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை. பன்னிரண்டரையை முழுசாக்கினால் பதின்மூன்று. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அரைக்கும் காலுக்கும் கடைத்தெருவில் நடந்த சண்டைகளை ஒரு மணி நேரம் சொன்னார். அன்றைய அரை மணி அதிலேயே போயிற்று.

இந்த வரைபடங்களை இரண்டாகப் பிரிப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. முதலில் அச்சானவை நட்சத்திரங்கள் நிறைந்த நீர்க்குறி (தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் மங்கிய உருவம்) உள்ள தாளில் வந்தன. 1926-இல் நாசிக் அச்சகம் இந்தியத் தபால்தலைகளை அச்சிடத் தொடங்கிய காலத்திலிருந்து இருந்த நீர்க்குறி அது. 1958-லிருந்து அசோகர் தூணின் சிங்கத் தலைப்பு நீர்க்குறியாக வந்த தாளுக்கு மாறினார்கள். முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அண்ணாந்து விளக்கில் பிடித்தாலும் அச்சு மை மறைத்துவிடும். பிக் கிளாசும் இங்கே கைவிட்டுவிடும். நீர்க்குறி என்பது தாளின் கனத்தில் உள்ள வித்தியாசம், அதைப் பெரிதாக்கிப் பயனில்லை.

சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் திரவத்தைக் கறுப்புத் தட்டில் ஊற்றி அதில் முக்குவது வழக்கமான முறை. சமையலறையும் பூசையறை விளக்கும் பக்கத்திலேயே உள்ள வீட்டில் அதைத் திறக்கவே எனக்கு மனமில்லை. சில அச்சு மைகளை அது கெடுக்கவும் செய்யும். வேறு வழி அடுப்படி மேடையிலேயே இருந்தது. கடப்பாக் கல். ஊறவைத்துப் பிரித்த தபால்தலையை ஈரத்தோடு கறுப்புக் கல்லின்மேல் முகம் கீழாக ஒட்டிவைத்தால், தாள் ஒளி புகும் தன்மை அடைந்து, நீர்க்குறி உள்ள மெல்லிய இடங்கள் கறுப்பாகத் தெரிகின்றன. நன்றாக நனைந்திருக்கும்போது தெரியாது. மேல் ஈரம் வற்றத் தொடங்கும் சில நிமிடங்களில்தான் தெளிவாக வரும், பிறகு மறைந்துவிடும். விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஐந்து முனை நட்சத்திரம் என்றால் இடது பக்கம், சிங்கம் என்றால் வலது பக்கம் ஒதுக்குகிறேன். எப்படியும் ஊறவைத்துக் காயவைக்கத்தான் போகிறோம். நடுவில் இந்த நோட்டம் இலவசம்.

கவரோடு இருப்பவற்றில் நீர்க்குறி பார்க்க வழியில்லை. ஆனால் முத்திரையில் தேதி 1957 என்றிருந்தால் அது நட்சத்திரத் தாளாகத்தான் இருக்க முடியும். பிந்திய தேதிகளில் இப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய இருப்பு கிளை அஞ்சலகங்களில் மெதுவாகத்தான் தீரும்.

இதற்கு முந்தைய 1949-ஆம் ஆண்டுத் தொல்பொருள் வரிசையிலும் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. ஓரணாத் தபால்தலையில் உள்ள போதிசத்துவர் முதலில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி அச்சானார். நீட்டிய கை தவறான பக்கம். 1950-இல் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்குக் கண்ணாடியே வேண்டாம், இரண்டு பிரதிகள் வேண்டும், அவ்வளவுதான். விருதுநகர்க் கவர் ஒன்றில் மாறிய போதிசத்துவரும், சாத்தூர்க் கவரில் சரியானவரும் கிடைத்தார்கள்.

வீட்டுக்கு வருகிற உறவினர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: காந்தி இருக்கிறாரா? 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த பத்து ரூபாய்க் காந்தியைத்தான் கேட்கிறார்கள். ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்று நான்கும் சுவிட்சர்லாந்தில் குர்வாசியே நிறுவனத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சானவை. அவற்றில் கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டவை, அதாவது அச்சான தபால்தலையின்மேல் மறுபடி எழுத்து அச்சிட்டவை, மிகச் சில. பத்து ரூபாயில் அப்படி நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்றது. அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாப் பரண்களிலும் ஒரு காந்தி இருப்பதாக நம்பிக்கை. வத்தல் மண்டிக்குப் பத்து ரூபாய்த் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதும் விவசாயி யார் என்று யாரும் யோசிப்பதில்லை.

முத்திரைகள்

நேரம் செல்லச் செல்லத் தபால்தலையைவிட அதன்மேல் விழுந்த கறுப்பு வட்டம்தான் என்னை இழுத்தது. ஒரே 15 நயா பைசா வரைபடம். ஒன்றில் பரமக்குடி, ஒன்றில் போடிநாயக்கனூர், ஒன்றில் நத்தம். பழைய மதுரை முத்திரைகளில் ஆங்கிலத்தில் 'மதுரா' என்றே இருக்கும், கடைசி எழுத்து பின்னால் வந்து சேர்ந்தது.

பாதி முத்திரைகள் தபால்தலையில் பாதி, கவரில் பாதி. அதனாலேயே கவரை வெட்டக் கூடாது என்பது. மங்கியவற்றைப் படிக்க ஒரு தந்திரம்: பிக் கிளாஸ் வழியாகச் செல்போனில் படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, நிழல் வெளிச்ச வேறுபாட்டை ஏற்றினால் தபால்தலையின் சிவப்போ பச்சையோ பின்வாங்கி, முத்திரையின் கறுப்பு முன்னால் வரும். மூன்று எழுத்து கிடைத்தாலும் ஊரை ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் உள்ளே கடிதத்தில் எழுதியவர் ஊர் இருக்கிறது. தபால்தலையைத் தனியாக வாங்குபவருக்கு இந்த வசதி இல்லை.

வருடம் மங்கிப்போனால் வேறு தடயங்கள் உண்டு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முத்திரையில் ஆறு இலக்கம் இருந்தால் கடிதம் அதற்குப் பிந்தியது. 'நயா' என்ற சொல் 1964 ஜூனில் போயிற்று. மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் 1985-இல் பிரிந்தது, பிறகு தேனியும் பிரிந்தது. ஆனால் தபால் துறை அதைக் கண்டுகொள்ளவில்லை. தேனி, போடி, கம்பம் எல்லாம் இன்றைக்கும் 625-இல்தான் தொடங்குகின்றன. எனவே என் நோட்டில் ஊர்களை மாவட்டவாரியாகப் பிரிக்காமல் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தால் பிரித்தேன்: 623 ராமநாதபுரம் பக்கம், 624 திண்டுக்கல் பக்கம், 625 மதுரையும் தேனியும், 626 விருதுநகர். பின்கோடு வருவதற்கு முந்தைய கடிதங்களும் இந்தக் கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்காருகின்றன.

பேரிங் கடிதங்கள் கொஞ்சம் இருக்கின்றன. தபால்தலை ஒட்டாமலோ குறைவாக ஒட்டியோ போடுவது. வாங்குபவர் குறைந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து வாங்க வேண்டும். கவரில் தபால்காரரின் கையெழுத்தில் பைசாக் கணக்கு மட்டும் இருக்கும். தபால்தலை சேகரிப்பவனுக்குத் தபால்தலை இல்லாத கவர் எதற்கு என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. பணம் வராத கோபத்தில் வேண்டுமென்றே பேரிங்காகப் போடுவார்கள், திருப்பி அனுப்பினால் கௌரவம் போய்விடும் என்பதால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சித்தப்பா விளக்கினார். உள்ளே இருக்கும் கடிதங்களும் அதையே சொல்கின்றன. கடன், வட்டி, கல்யாணத்துக்கு முன்பணம் என்று அடுத்தவர் வீட்டு விஷயங்கள். எதைப் படம் எடுத்தாலும் முகவரியையும் பெயரையும் தாள் வைத்து மறைத்துவிட்டே எடுக்கிறேன்.

1971 நவம்பருக்குப் பிந்திய கம்பியில் வேறொரு சங்கதி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காக நவம்பர் 15 முதல் கடிதங்களுக்கு ஐந்து பைசா கூடுதல் வரி. தனித் தபால்தலை டிசம்பர் 1 அன்றுதான் வந்தது. அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட ஐந்து பைசாத் தபால்தலையின்மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மேலச்சு போட்டுக் கொடுத்தார்கள். அவசரத்தில் ஆங்காங்கே ரப்பர் முத்திரையாலும் குத்தினார்கள். எழுத்தின் அளவும் மையும் ஊருக்கு ஊர் வேறு. 1973 மார்ச் 31 வரை இது நீடித்தது. கள்ள மேலச்சுகளும் சந்தையில் உண்டு, செய்வது எளிது என்பதால். கண்ணாடியில் பார்க்க வேண்டியது, மேலச்சும் தபால் முத்திரையும் குறுக்கிடும் இடம். நிஜமானதில் முத்திரை மை மேலே ஓடும். பிற்பாடு குத்தியதில் மேலச்சு மை முத்திரையின் மேல் ஏறியிருக்கும். எட்டு மடங்கில் இது சில சமயம் தெரிகிறது, இரண்டும் கறுப்பாக இருந்தால் தெரிவதில்லை. கவரோடு, தேதியோடு, மதுரை டெலிவரி முத்திரையோடு இருப்பவற்றில் இந்தத் தலைவலியே இல்லை.

வைப்பது எதில்

எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகளில் பல பி.வி.சி. வருடங்கள் ஆக ஆக அவை பிசுபிசுத்து அச்சு மையை இழுத்துக்கொள்ளும். ஒட்டும் தாள் கொண்ட போட்டோ ஆல்பம் அதைவிட மோசம். பழைய ஓ.எச்.பி. ஷீட்டுகளில் (புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள்கள்) பாலியெஸ்டராக உள்ளவற்றை நீளத் துண்டுகளாக நறுக்கி, கெட்டி அட்டையில் கீழ்ப்பக்கமும் ஓரங்களும் தைத்துப் பை மாதிரி செய்துகொண்டேன். தபால்தலை அதற்குள் நிற்கிறது, பசையோ ஹிஞ்சோ (தபால்தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு தாள் துண்டு) வேண்டாம். கவர்கள் பட்டர் பேப்பர் சுற்றிக் காலணிப் பெட்டிகளில் நிற்கின்றன, படுக்கவைத்து அடுக்கினால் கனம் அழுத்தும்.

மதுரையின் கோடை தபால்தலைக்குக் கெடுதலில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கெடுதல். பழுப்புப் புள்ளிகள் அந்த மாதங்களில்தான் பரவும், பயன்படுத்தாத தபால்தலைகளின் பசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் பெட்டிக்குள் போடுகிறேன். மழை விட்டதும் பெட்டிகளை நிழலில் திறந்துவைக்க வேண்டும், வெயிலில் அல்ல.

வெளியிலிருந்து வாங்கியது மிகக் குறைவு. 2008-இல் மல்லிகை வாசனையோடு வந்த தபால்தலையை மட்டும் மதுரைக்காரன் என்ற உரிமையில் வாங்கினேன். இப்போது அதில் தாள் வாசனைதான் வருகிறது. 1960-இல் வந்த பாரதியார் பதினைந்து நயா பைசா ஒன்று, பிள்ளைகள் கிழிக்காமல் விட்டது, கம்பத்திலிருந்து வந்த கவரில் கிடைத்தது. 1904-இல் இங்கே சேதுபதி பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர் என்பதால் அந்தக் கவரை 625 பெட்டியில் முதலில் நிறுத்தியிருக்கிறேன். மற்றபடி மண்டிச் சரக்கே இன்னும் பாதி பிரிக்கப்படாமல் இருக்கிறது.

ஊர்ப் பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. முண்டு வத்தல் அதிகம் விளைகிற கமுதியிலிருந்து ஒரு முத்திரைகூட இல்லை. பக்கத்து முதுகுளத்தூரிலிருந்து கட்டுக்கட்டாக இருக்கிறது. கமுதிக் கம்பி எங்கோ தொலைந்திருக்கும் என்று நினைத்து, பரணில் இன்னும் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். பெட்டி ஏதும் இல்லை என்றார். கமுதிச் சரக்கு வாராவாரம் ஒரே லாரியில் வரும், டிரைவர் சட்டைப் பையில் சீட்டை வைத்து அனுப்பிவிடுவார்கள், தபாலுக்குக் காசு செலவழிக்கிற ஆட்கள் இல்லை அவர்கள் என்றார். நோட்டில் அந்தக் கட்டத்தில் 'லாரி' என்று எழுதிவிட்டு 1971 கம்பியை எடுத்தேன்.